நடிக்கவும் சாதி இடம் கொடுக்கணும்

'பதாய் தோ' 2022இல் வந்த இந்திப் படம். ஆண்களை நேசிக்கும் போலீஸ்காரனும் பெண்களை நேசிக்கும் உடற்பயிற்சி ஆசிரியையும், வீட்டாரின் கல்யாண நச்சரிப்புக்குத் தப்ப, ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டு புருஷன் பொண்டாட்டியாக நடிக்கிறார்கள். எதிலும் ஒத்துப்போகாத ரெண்டு பேர். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆனால் அந்தப் பொய்க் கல்யாணத்துக்கு ரெண்டு வீடும் மேளம் கொட்டுது. நம்ம மாவட்டத்தில் புதுக்கூரைப்பேட்டை முருகேசனும் கண்ணகியும் 2003 மே 5இல் கடலூரில் நிஜமாகவே பதிவுத் திருமணம் செய்தவர்கள். அவன் தலித், அவள் வன்னியர். கல்யாணமே ஆகாதவர்கள்போல் அவரவர் வீட்டில் இருந்தார்கள். ஜூலை 8இல் அவள் உறவினர்கள் இருவரையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள்.

முதுநகர்ச் சேரியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருத்தன், வேறு சாதி ஆணை நேசிக்கிறான். அது குற்றமில்லையென்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. அவன் சொல்கிறான்: "எங்க தெருவுல நாங்க கூட்டாளின்னு நடிச்சிடலாம் தோழர். அவன் வீட்டுத் திண்ணையில கூட்டாளியாக்கூட உக்கார முடியாதே!"

தன்பால் காதலுக்காகப் பேசுகிறவர்கள் சாதியையும், சாதி ஒழிப்புப் பேசுகிற நாம் இந்தப் பையனையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.