காற்றுக் கலன்

1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய கேமரன் மலையில், கற்கள் துருத்தும் தோட்டப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் இளைஞர் சிலர் டியூப் இல்லாத டயரை விரும்புகின்றனர். கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கிக் கிழிய அதனுள் டியூப் இல்லை அன்றோ! ஆயினும் அதை மாட்டுவது எளிதன்று. டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி அமரும்வரை இடைவெளியெங்கும் காற்று ஒழுகும். கைப்பம்பு மெல்லத் தரும் காற்று அதற்கு ஈடுகொடாது. நிறையக் காற்று ஒரே வீச்சில் பாய வேண்டும்.

அதற்கென ஒருவன் குளிர்பானப் புட்டியொன்றில் காற்றை அடைக்க முனைந்தான். தேயிலை ஆலையில் உழைத்து ஓய்ந்த அவன் பாட்டனார் பதறினார்.

"வேண்டாம் தம்பி, வெடித்தால் கண் போய்விடும்."

பழைய தீயணைப்பு உருளை ஒன்றை அவரே தேடித் தந்தார். அதிலும் உடனே காற்றடைக்க விடவில்லை. வாய்வரை நீர் நிரப்பி, தேவைக்கும் மிகுந்த அழுத்தம் ஏறும்வரை பம்பு அடிக்கச் செய்தார். நீர் எளிதில் சுருங்காது. ஆகவே கலன் பிளந்தாலும் நீர் பீறிட்டு அடங்கிவிடும். சுருங்கிய காற்றோ விரிந்து இரும்பையே சிதறடிக்கும். பாடநூல் ஒரு வரியில் கடந்துவிடும் செய்திதான் இது.

உருளையின் அடியில், துருவேறிய ஓரத்தில் நீர் அரும்பியது. அதை ஒதுக்கினார்கள். இரண்டாவது உருளை தேறியது. சோப்பு நீர் தடவிய டயருக்குள் அதன் காற்று பாய்ந்ததும், விளிம்பு 'டப் டப்'பென்று ஏறி அமர்ந்தது.