இனிப்புக்குப் பதிலாக இஞ்சி

யூதர்களின் பண்டிகைகளுள் சிரிப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட நாள் ஒன்று உண்டு. அதன் பெயர் பூரிம். எபிரேய நாட்காட்டியில் ஆதார் மாதத்தின் 14ஆம் நாள். எமது கணக்கில் மாசி அல்லது பங்குனியில் வரும். பாரசீகப் பேரரசின் சூசான் நகரில் ஆமான் என்னும் அமைச்சன், யூதர் அனைவரையும் ஒரே நாளில் கொன்றொழிப்பதற்குச் சீட்டுப் போட்டு நாள் குறித்தான். அரசி எஸ்தரும் அவளை வளர்த்த மொர்தெக்காயும் அந்தச் சதியை முறியடித்தனர். விவிலியத்தின் எஸ்தர் நூல் கூறும் கதை இது. பூரிம் என்றாலே சீட்டுகள் என்றுதான் பொருள்.

தப்பிப் பிழைத்த மக்கள் அந்நாளைக் கொண்டாட வேண்டிய முறையையும் அந்நூலே வகுத்துள்ளது. விருந்துண்ண வேண்டும், ஒருவருக்கொருவர் உணவு அனுப்ப வேண்டும், வறியவர்க்குக் கொடுக்க வேண்டும். உணவு அனுப்புவதை எபிரேயத்தில் மிஷ்லோவாக் மானோத் என்பார்கள். சட்டம் கேட்பது மிகச் சிறிது. உடனே உண்ணக்கூடிய இரண்டு பண்டங்களை ஒருவருக்கு அனுப்பினாற் போதும். ஆனால் வறியவர் என்று வரும்போது குறைந்தது இருவருக்குக் கொடுத்தாக வேண்டும். இந்தச் சிறு வேறுபாட்டை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இரண்டே பண்டங்கள், ஒரே ஒருவர். இதில் என்ன தவறு நேர்ந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். தட்டு ஒன்று ஒரு வீட்டு வாசலைத் தாண்டி இன்னொரு வீட்டு வாசலை அடையும் வழியில் என்னவெல்லாம் நேரும் என்பதை யூதர்கள் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாகச் சிரித்துச் சிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலாவது கதை கலிலேயாவில், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. எருசலேம் தல்மூத் அதனைக் கூறுகிறது. சமூகத் தலைவரான யூதா நெசியா, ஓஷாயா என்ற அறிஞருக்கு ஓர் இறைச்சித் தொடையும் ஒரு குடுவை வைனும் அனுப்பினார். வறியவர்க்குக் கொடுக்கும் கடமையை எம் மூலம் நிறைவேற்றிவிட்டீர்கள் என்று ஓஷாயாவிடமிருந்து பதில் வந்தது. தலைவருக்குப் புரிந்துவிட்டது. முழுக் கன்றையும் பெரிய சாடி நிறைய வைனையும் அனுப்பினார். இப்போதுதான் நண்பருக்கு உணவு அனுப்பும் கடமை நிறைவேறியது என்று மறு பதில் வந்தது. இதைவிட நாசூக்காக ஒருவரைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது கதை பபிலோனியாவில், யூப்பிரட்டீஸ் நதிக்கரையில் இருந்த பும்பெதித்தாவில் நிகழ்ந்தது. காலம் 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அங்கிருந்த கல்விக்கூடத்தின் தலைவர் ராபா. அவரது வறுமை ஊரறிந்தது. அவர் வீட்டில் மனிதர் உண்ண வாற்கோதுமை அப்பம்கூடப் போதியளவு இருப்பதில்லை என்று தல்மூத் வேறோரிடத்தில் குறிப்பிடுகிறது. பூரிம் அன்று அவர் மாரி என்பவருக்கு ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் வறுத்த மாவும் கொடுத்தனுப்பினார். எடுத்துச் சென்றவர் அபாயே. பெற்றோரை இழந்து, தந்தையின் சகோதரரான ராபாவின் வீட்டில் வளர்ந்தவர்.

குடியானவன் அரசனானாலும் கழுத்தில் மாட்டிய கூடையை இறக்கமாட்டான் என்று மாரி சொல்லப்போகிறார் என அபாயே புறப்படும்போதே முணுமுணுத்தார். மாரியோ பதிலுக்கு ஒரு பை இஞ்சியும் ஒரு கிண்ணம் திப்பிலியும் கொடுத்தார். நான் இனிப்பை அனுப்பினேன், அவர் காரத்தை அனுப்பியிருக்கிறார் என்று இனி வீட்டில் சொல்வார்கள் என அபாயே மறுபடியும் முணுமுணுத்தார்.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். இஞ்சியும் திப்பிலியும் எங்கள் பக்கத்துச் சரக்கு. மிளகைக் குறிக்கும் பில்பேல் என்ற எபிரேயச் சொல்லே, பிப்பலி என்னும் இந்தியச் சொல் கடல் கடந்து போய் உருமாறியதுதான். பும்பெதித்தாவில் அவை விலையுயர்ந்த இறக்குமதிப் பொருட்கள். மாரி தம்மிடம் இருந்தவற்றுள் உயர்ந்ததையே கொடுத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். எமது பாட்டிமாரோ அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டிருப்பார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. வீட்டிலிருந்து வயிறு நிறைய உண்டுவிட்டுத்தான் போனதாக அபாயே சொல்கிறார். மாரியின் வீட்டில் அறுபது தட்டுகளில் அறுபது வகை உணவு வைத்தார்கள். அறுபதிலும் ஒவ்வொரு துண்டு உண்டார். கடைசித் தட்டு வந்தபோது அந்தத் தட்டையே கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்ததாம். ஏழை பசித்திருக்கிறான், ஆனால் அது அவனுக்கே தெரிவதில்லை என்ற ஊர்வழக்கை அப்போது அவர் நினைவுகூர்கிறார். சிரித்துக்கொண்டே வாசித்து வந்த எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அறுபது தட்டுகளைப் பார்க்கும்வரை, தான் வயிறு நிறைந்து வந்ததாகவே அவர் நம்பியிருந்தார்.

பண்டம் எடுத்துச் செல்பவரின் பசியை வைத்தே இத்திஷ் எழுத்தாளர் ஷோலெம் அலெக்கெம் (1859 - 1916) ஒரு சிறுகதை எழுதினார். இரு வீட்டு வேலைக்காரப் பெண்கள் பூரிம் தட்டுகளுடன் தெருவில் சந்திக்கிறார்கள். ஒருத்தியின் தட்டை மற்றவள் திறந்து பார்க்கிறாள். ஒரு துண்டு, இன்னொரு துண்டு என்று இரு தட்டுகளும் இளைத்துவிடுகின்றன. மெலிந்த தட்டைக் கண்ட எசமானிகள் இருவரும் இது வேண்டுமென்றே செய்த அவமதிப்பு என்று கொதிக்க, விவகாரம் நீதிமன்றம்வரை போகிறது. குற்றம் எவரிடத்தில் என்று வாசகனுக்குத் தெரியும், எசமானிகளுக்குத் தெரியாது.

சட்ட அறிஞர்களும் இத்தகைய விபத்துகளை எண்ணிப் பார்க்காமல் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இசர்லெஸ், ஆண் ஆணுக்கும் பெண் பெண்ணுக்கும் அனுப்புவதே முறை என்றார். ஆண் ஒருவர் விதவை ஒருத்திக்குத் தட்டு அனுப்ப, அது திருமண நிச்சயமோ என்ற சந்தேகம் எழுந்துவிடக்கூடாதாம்! நண்பர் தட்டை வாங்க மறுத்துவிட்டால்? அனுப்பியவரின் கடமை நிறைவேறியதாகவே கொள்ளலாம் என்றும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இன்னொரு நெருக்கடி நாட்காட்டியால் வருவது. பூரிம் கழிந்து ஒரு மாதத்தில் பஸ்கா பண்டிகை. அதற்குமுன் புளித்த மாவுப் பொருள் ஒரு துணுக்கும் வீட்டில் இருத்தலாகாது. கசகசா வைத்துச் செய்யும் முக்கோணப் பணியாரமான ஹாமன்டாஷன் கூடை கூடையாக வந்து குவிந்திருக்கும். தின்று தீர்க்க வேண்டும் அல்லது கைமாற்ற வேண்டும். ஆகவே கூடைகள் வீடு வீடாகப் பயணம் செய்யும். அனுப்பியவரின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட கூடையைப் பற்றிய பகிடிகளுக்கும் குறைவில்லை.

லண்டனில் யூதர் செறிந்து வாழும் ஹென்டன் பகுதியில் எனது மைத்துனி வசிக்கிறார். உணவு அனுப்பும் கட்டளை யூதருக்குள்ளேயானது எனினும், நல்லெண்ணத்தால் அயலவருக்கும் கொடுப்பவர்கள் உண்டு. நான் அங்கு தங்கியிருந்த ஒரு பூரிம் அன்று பக்கத்து வீட்டு அம்மையார் ஹாமன்டாஷனும் திராட்சை இரசமும் கொண்டுவந்தார். வெறும் தட்டைத் திருப்பி அனுப்புவது எமது ஊரில் வழக்கமில்லை. மைத்துனி உடனே சுடச்சுட உழுந்து வடையையும் பயற்றம் பணியாரத்தையும் நிரப்பி நீட்டினார். அம்மையார் தட்டை வாங்கவும் முடியாமல், மறுக்கவும் மனமில்லாமல் நின்றார். யூத உணவு விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் வேறு சமையலறையில் ஆக்கியதை உண்பதில்லை.

"கோவிச்சுக்கொண்டாவோ அத்தான்?" என்று அவர் போனபின் மைத்துனி கவலையுடன் கேட்டார். விளக்கம் சொன்னேன். "சைவச் சாப்பாடுதானே!" என்றார் அவர், அரை மனதுடன். மறுநாள் வெட்டாத மாம்பழங்கள் மதிலைத் தாண்டிப் போயின, அவற்றுக்குத் தடையில்லை. அந்த மாம்பழங்களுக்குப் பிறகுதான் இரு பெண்களும் சமையலறை வழக்கங்களைப் பற்றி ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள்.

இத்தனை சங்கடங்களுக்கும் காரணம் தட்டுடன் கூடவே போகும் ஒரு கேள்விதான். உன் கணக்கில் என் மதிப்பு எவ்வளவு? யூதா நெசியாவின் இறைச்சித் தொடையிலும் எசமானிகளின் மெலிந்த தட்டிலும் அந்தக் கேள்வியே இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் இதனை நன்கு உணர்ந்திருக்க வேண்டும். விருந்தையும் நண்பர்க்கு அனுப்புவதையும் பெருக்குவதைவிட, வறியவர்க்குக் கொடுப்பதைப் பெருக்குவதே மேல் என்று அவர் எழுதினார். நண்பர் ஒருவர், வறியவர் இருவர் என்ற பழைய கணக்கு அங்கே அர்த்தம் பெறுகிறது.

எதுவுமே இல்லாதவன் என்ன செய்வது? அதற்கும் மைமோனிடிஸிடம் விடை உண்டு. தனது ஒரு வேளை உணவை நண்பனுக்கு அனுப்பட்டும்; நண்பன் தன் உணவை இவனுக்கு அனுப்பட்டும். தல்மூத்தில், அவின் என்பவரின் மக்கள் இருவர் இவ்வாறே தம் உணவை மாற்றிக்கொண்டார்களாம். பிறந்த பண்டம் ஒன்றுமில்லை, எவர் வீட்டிலும் ஒரு கவளம் கூடவுமில்லை. எனினும் அன்று இருவருமே கொடுத்தவர்கள், இருவரும் பெற்றவர்கள். நான் வாசித்த பூரிம் கதைகளுள் எவரும் முகம் சுளிக்காத பரிமாற்றம் இது ஒன்றுதான்.