அட்லாண்டிக் நடுவே ஒரு சத்திரம்

'மெரினா' என்றதும் சென்னைவாசிகளுக்கு மணலும் சுண்டலுந்தான் ஞாபகம் வரும். 1880-களில் சென்னைக் கவர்னராயிருந்த கிராண்ட் டஃப் துரை நம் கடற்கரைச் சாலைக்குச் சூட்டிய பெயர் அது. ஆனால் மேல்நாடுகளில் 'மரீனா' என்றால் வேறு அர்த்தம். சொந்தப் படகில் ஊர் சுற்றுகிறவர்கள் படகைக் கட்டிவிட்டு, நாலு நாள் இளைப்பாறிப் போவதற்கென்று அமைத்த சிறு துறைமுகத்துக்குத்தான் அங்கே அந்தப் பெயர். நம் ஊர்ச் சத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அப்படிப்பட்ட சத்திரங்களில் பெயர் பெற்றது ஹோர்த்தா. போர்ச்சுகலைச் சேர்ந்த அஸோர்ஸ் தீவுகள் ஒன்பது. அவற்றுள் ஃபயால் என்ற தீவில் இருக்கிறது இந்த ஊர். லிஸ்பனிலிருந்து மேற்கே சுமார் 1,700 கிலோ மீட்டர். சுற்றிலும் அட்லாண்டிக் சமுத்திரம். கரையில் நின்றால் எதிரே பிக்கோ தீவின் மலை 2,351 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. மேகம் விலகும் வேளையில் பார்த்தால், சமுத்திரத்தின் நடுவே யாரோ மாக்கூம்பு பிடித்து வைத்த மாதிரிதான்.

நடுக்கடலில் இருக்கும் இந்த ஊருக்கு ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாய்மரப் படகுகள் வருவானேன்? எல்லாம் காற்று செய்கிற வேலை. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கப் பக்கம் போகிறவர்கள் தெற்கே இறங்கி, அங்கே வீசும் கீழ்காற்றில் சுகமாகப் போய்விடுகிறார்கள். திரும்பும்போது அதே வழியாக வந்தால் காற்று முகத்தில் அறையும். ஆகவே வடக்கே ஏறி மேல்காற்றைப் பிடித்தாக வேண்டும். அந்த வழியில் தென்படும் கரை அஸோர்ஸ்தான். கரிபியன் தீவுகளிலிருந்து புறப்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் தண்ணீரையும் ஆகாயத்தையும் தவிர வேறொன்றையும் பார்க்காமல், மே, ஜூன் மாதங்களில் இங்கே வந்து சேருகிறார்கள்.

1986-ல் திறந்த மரீனா அந்த மாதங்களில் நிரம்பி வழிகிறது. இடமில்லாமற் போனால் சுவரோரம் ஒரு படகு, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் அப்பால் மற்றொன்று என்று ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள். சுத்தமான ஒண்டுக்குடித்தனம்! கடைசிப் படகுக்காரர் கரைக்குப் போக மற்றவர்கள் படகுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கும் ஒரு மரியாதை உண்டு: முன்பக்கத்துத் தட்டு வழியாகத்தான் போகலாம், பின்பக்கத்தில் குடும்பம் உட்கார்ந்து காப்பி குடிக்குமிடத்தில் காலை வைக்கக் கூடாது. நம் ஸ்டோர் வீடுகளில் இந்த நியமம் இருந்திருந்தால் எத்தனை சண்டைகள் மிச்சமாகியிருக்கும்!

கரையேறிய பெண்கள் முதலில் தேடுவது எது தெரியுமா? கடைத்தெருவல்ல, நல்ல தண்ணீர்க் குளியல். அடுத்தபடி துணி துவைக்கும் இடம். உப்பேறி விறைத்துப்போன துணிமணிகளைச் சுமந்துகொண்டு எல்லா தேசத்துப் பெண்களும் ஒரே திசையில் நடப்பதைப் பார்த்தபோது எனக்கு ஊர் அந்நியமாகவே தோன்றவில்லை.

துறைமுகத்துக்கு எதிரே நீல வர்ணக் கட்டடம் ஒன்று. 1918-ல் தொடங்கிய 'பீட்டர்' காப்பிக் கடை அது. உண்மையில் அந்தக் குடும்பத்தில் யாரும் பீட்டரல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஆங்கிலக் கப்பல் அதிகாரி ஒருவர், கடைக்காரரின் பிள்ளை ஜோஸே அஸெவேதோவைப் பார்த்து, தம் மகன் பீட்டரின் சாயல் என்று அப்படியே கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது. விலாசமில்லாத கடலோடிகளுக்கு வரும் கடிதங்களை இந்தக் கடையில் பத்திரப்படுத்தி வைத்துக் கொடுப்பார்கள். எந்த மாதம் வருவார் என்று தெரியாத பிள்ளைக்குத் தாய் கடிதம் எழுத இப்படி ஓரிடம் இருந்ததே!

தனியாகப் படகோட்டி உலகத்தை முதன்முதலில் வலம் வந்த ஜாஷுவா ஸ்லோகமும் 1895 ஜூலையில் ஹோர்த்தாவில் தங்கினவர்தான். ஊரார் பழங்களை அள்ளிக் கொடுத்தார்கள். புறப்பட்ட பிறகு பிளம் பழத்தையும் வெள்ளைப் பாலாடைக் கட்டியையும் ஒருசேரச் சாப்பிட்டு, வயிற்று வலியில் நினைவு தப்பிக் கிடந்தார் மனிதர். கொலம்பஸின் 'பின்டா' கப்பல் மாலுமி வந்து சுக்கானைப் பிடித்ததாக அவருக்குத் தோன்றிற்றாம். கண் விழித்துப் பார்த்தால் படகு வழி தவறாமல் போய்க்கொண்டிருந்தது! கூட ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் அந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிட விட்டிருப்பாளா?

வந்தவர்களை இப்படி உபசரிக்கும் தீவு, தன் மக்களையே வழியனுப்ப நேர்ந்த கதையும் உண்டு. 1957 செப்டம்பர் 27-ந் தேதி மேற்குக் கரையருகே கடலுக்குள் எரிமலை வெடித்தது. பதின்மூன்று மாதம் எரிமலை குமுறியது, சாம்பல் பொழிந்தது. வயல்கள் மூடின, கூரைகள் இடிந்தன. 1958-ல் அமெரிக்கா இவர்களுக்கென்றே ஒரு குடியேற்றச் சட்டம் செய்தது. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் அப்போது செனட்டராயிருந்த கென்னடி. குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள். கப்பேலின்யோஸ் முனையில் கலங்கரை விளக்கம் பாதி உடம்பு சாம்பலில் புதைந்து இன்றும் நிற்கிறது. தீவில் இப்போதிருப்பவர்கள் பதினையாயிரம் பேருக்கும் குறைவு.

மரீனாவின் சுவரெல்லாம், நடைபாதையெல்லாம், வந்துபோன படகுக்காரர்கள் எழுதிய சித்திரங்கள். படகின் பெயர், வருஷம், கூட வந்தவர்கள் பெயர். படம் எழுதாமல் புறப்பட்டால் வழியில் விபத்து நேரும் என்று ஒரு நம்பிக்கை. படிப்பும் யந்திர சாதனங்களும் உள்ளவர்கள்தான்; இருந்தும் ஒருவரும் துணிந்து பார்ப்பதில்லை. வெயிலும் மழையும் பழைய படங்களை அழித்துவிட, அந்த இடத்தில் புதியவர்கள் எழுதுகிறார்கள்.

நான் பார்த்த அன்று ஓர் அம்மாள் தரையில் மண்டியிட்டு, வாசலில் கோலம் போடுகிற கவனத்தோடு, நாலு பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். கணவர் வர்ண டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு குழந்தைகள் தங்கள் பெயருக்கு எந்த வர்ணம் என்று சண்டை பிடித்தன. "நாளை காய்ந்ததும் புகைப்படம் எடுக்கலாம்" என்றாள் அம்மாள். மறுநாள் காலையில் போனேன். படம் காய்ந்திருந்தது, படகு இல்லை. இரவே நல்ல காற்று எழுந்துவிட்டதாம்.