உடம்பு தேறுதல்

நோயுற்றவரைப் பார்க்கச் செல்பவர் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது நம்மவர் வழக்கம். சொந்த ஊராயின் நான்கு ஆரஞ்சுப் பழங்களோடு அந்த வழக்கம் நிறைவுபெறும். ஊரைவிட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால், அண்டை வீட்டாரையே உற்றாராகவும் உறவினராகவும் கொண்டு வாழ்கின்ற நம் போன்றோர்க்கு அது போதுவதில்லை. இங்கே அன்பு அடுக்குப் பாத்திரத்தில் வருகிறது. கீழ்த்தட்டில் சோறு, நடுத்தட்டில் குழம்பு, மேல்தட்டில் நெய் மணக்கும் ஏதேனும் ஓர் இனிப்பு. தலைநகரில் நாற்பதாண்டுக் காலம் வாழ்ந்துவிட்ட எனக்கு அந்த அடுக்குப் பாத்திரத்தின் அருமை நன்றாகத் தெரியும்.

திருமணமாகி 1984-இல் மாயவரத்திலிருந்து தில்லிக்கு வந்தேன். இரண்டாண்டு கழித்து மூத்த மகன் பிறந்தபோது, தந்தையார் நோய்வாய்ப்பட்டிருந்தமையால் என் தாயார் வர இயலவில்லை. தாய்வீட்டுப் பத்தியம் எனக்கு இல்லாமற் போகும் என்று அஞ்சினேன். ஆனால் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் இருந்த தமிழ்ப் பெண்கள் தமக்குள் முறைவைத்துக்கொண்டு நாற்பது நாளும் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் சுண்டைக்காய் வற்றலும் கொண்டுவந்து என்னைத் தேற்றினார்கள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. ஆகவே, உணவைப் பற்றி இங்கு நான் சொல்லப்போவதை, உணவளித்த கைகளின்மேல் சொல்லும் குறையாக எவரும் கொள்ள வேண்டா.

2022 நவம்பரில் என் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தது. அகவை அப்போது அறுபதைக் கடந்திருந்தது. முப்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்றுகொண்டே பாடம் சொன்ன கால்கள் அவை. அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். ஐந்தாம் நாள் முனிர்க்காவில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். மின்தூக்கி இல்லாத முதல்மாடி வீடு. வெளியே நவம்பர் மாதத்துத் தில்லி. அந்த மாதத்தில் புகையும் பனியும் கலந்து வானத்தை மூடிக்கொள்ளும் கொடுமையை இவ்வூரில் வாழ்வோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்று சீரடையும்வரை வெளியே செல்லலாகாது என்றார் மருத்துவர். என் உலகம் படுக்கையறைச் சாளரத்திலிருந்து அடுக்களை வாயில்வரை சுருங்கிற்று. அதன் நீளம் பதினான்கு அடி வைப்பு. போக பதினான்கு, வர பதினான்கு.

நடை குறைந்த அந்த நாள்களில்தான் உணவு பெருகியது. தமிழர் வீடுகளிலிருந்து நெய்யுருண்டையும் அதிரசமும் வந்தன. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார், கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பருப்பு வகைகளும் வேலம்பிசினும் சேர்த்துப் பிடித்த கோந்து லட்டுகளை ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினார். குளிர்காலத்தில் மூட்டுகளுக்கு அதுவே மருந்து என்பது அவர்கள் நம்பிக்கை. மாடிவீட்டு வங்காளிக் குடும்பம் சந்தேஷ் கொணர்ந்தது. சனவரி 13-ஆம் நாள் லோடிப் பண்டிகைக்கு ரேவடியும் வேர்க்கடலை மிட்டாயும் வந்தன. அவை தீருமுன்னர்ப் பொங்கல் வந்து, நான்கு வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும் வந்து சேர்ந்தது. பாரதத்தின் ஒருமைப்பாட்டை நான் நாவினால் உணர்ந்த காலம் அது!

பிப்ரவரியில் இயன்முறைப் பயிற்சிக்குச் சென்றபோது எடை பார்த்தார்கள். அறுவைக்கு முன் 66 கிலோ இருந்த நான் 74 கிலோவாகியிருந்தேன். "உள்ளே வைத்த உலோகத்தின் எடையாக இருக்குமோ?" என்று என் கணவர் வினவினார். பயிற்சி அளிக்கும் பெண் சிரித்துவிட்டாள். செயற்கை மூட்டின் எடை அரைக் கிலோவை ஒட்டியதே. வெட்டியெடுத்த எலும்பின் எடையைக் கழித்தால் அதனினும் குறைவு. அறுவையின்போது ஏற்றும் சலைன் நீராலும் எடை கூடுவதுண்டு. ஆனால் அது சில நாள்களில் வடிந்துவிடும். மூன்று மாதத்திற்குப் பின் நிற்பது நீரன்று.

அவள் சொன்ன மற்றொரு செய்திதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் முதல் மாதத்தில், தொடையின் முன்பக்கத் தசை தன் பழைய வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடுவதுண்டாம். படுத்திருக்கும் உடம்பில் தசை கரைகிறது, கொழுப்பு சேர்கிறது. தராசு இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். ஆகவே நான் பெற்ற கொழுப்பு எட்டுக் கிலோவினும் மிகுதி. இழந்த தசை எவ்வளவு என்பதைத் தராசு சொல்லாது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூட்டுத் தேய்வு உடையவர் ஒரு கிலோ எடை குறைந்தால், அவர் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வாளர் 2005-இல் கண்டறிந்தனர். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எட்டுக் கிலோ கூடினால் அடிக்கு முப்பத்திரண்டு கிலோ. புதிய வலது மூட்டு அதனைத் தாங்கலாம். ஆனால் அறுவை செய்யப்படாத என் இடது முழங்கால் ஏற்கெனவே தேய்ந்து, தன் முறைக்காகக் காத்திருந்தது. அதன்மேலன்றோ அந்தச் சுமை!

அந்த மாத இறுதியில் நண்பர் வீட்டுத் திருமணம். பட்டுப் புடவைக்கு உரிய ரவிக்கை கைவழியே ஏறவில்லை. வேறொன்றை அணிந்து சென்றேன். மண்டபத்தில் என்னைக் கண்டவர் அனைவரும் முகம் மலர்ந்து ஒரே சொல்லைச் சொன்னார்கள்: "உடம்பு நன்றாகத் தேறிவிட்டதே!" அன்று இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. கண்ணாடியில் நான் கண்ட உருவம் எனக்கு அயலாக இருந்தது. அதைக் கண்டு நான் வருந்திக்கொண்டிருக்க, என்னை நேசிப்பவர்களோ அதையே கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றி எண்ணலானேன். நம் மொழியில் உடம்பு தேறுவது என்றால் நோய் நீங்குவது. உடம்பு தேறுவது என்றால் சதை பிடிப்பதும் அதுவே. ‘இளைத்துவிட்டாய்’ என்பது நமக்கு இரங்கற்சொல். இது அறியாமையால் பிறந்த வழக்கன்று. பஞ்சமும் நச்சுச் சுரமும் மக்களை வாட்டிய காலத்தில், மெலிவே நோயின் முகமாக இருந்தது. சௌரிமுத்து என்னும் மருத்துவர் 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கிய நாள்களில், அந்நோய்க்கு நேரான மருந்து கிடையாது. தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சை. எடை கூடுவதே நலத்தின் அறிகுறி. இன்றும் அது பொய்யாகிவிடவில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு உணவுப்பொருள் வழங்கி நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, தொடக்கத்திலேயே எடை கூடியவர்களிடையே இறப்புக் குறைந்ததைக் காட்டிற்று.

மெலிவிக்கும் நோய்க்கு அந்தச் சொல் முற்றிலும் பொருந்தும். என் நோய் மெலிவிக்கும் நோயன்று. தேய்ந்த மூட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பவளுக்குப் பழைய நோய்க்கு உரிய பத்தியத்தை எல்லோரும் அன்போடு ஊட்டினார்கள். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 130 கலோரி இருக்கிறது. அதைச் செலவிட நன்றாக நடப்பவருக்கே ஏறக்குறைய அரைமணி நேரம் வேண்டும். பதினான்கு அடி வைப்புள்ள உலகில் வாழ்பவள் என்ன செய்வாள்?

பட்டினி கிடந்து குறைத்துவிடலாம் என்று தோன்றிற்று. உணவியல் அறிந்த அம்மையார் ஒருவர் அதைத் தடுத்தார். புண் ஆறுவதற்கும் தசை மீள்வதற்கும் புரதம் வேண்டும். அறுவைக்குப் பின் உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவைப்படும் என்றார். நம் சோற்றுத் தட்டில் அது எளிதில் சேர்வதில்லை. ஆகவே சோற்றைப் பாதியாக்கி, காலையில் பாசிப்பருப்பு அடை, நண்பகலில் இரண்டு கரண்டிப் பருப்பும் காயும், மாலையில் சுண்டல், இரவில் தயிர் அல்லது பனீர் என்று வகுத்துக்கொண்டேன். தராசை நாள்தோறும் பார்ப்பதை விடுத்து, தையற்பெட்டியிலிருந்த அளவு நாடாவைத் துணைக்கொண்டேன். நம் நாட்டுப் பெண்டிர்க்கு இடைச்சுற்று 80 செண்டிமீட்டரை மிஞ்சலாகாது என்பர். எனக்கு அது தொலைதூரத்து ஊர்தான். எனினும் வழி தெரிந்துவிட்டது.

உணவைத் திருத்துவது எளிதாக இருந்தது; அடுக்குப் பாத்திரத்தை மறுப்பதுதான் அரிதாக இருந்தது. அடுத்த தொகுதியில் வாழும் காஞ்சிபுரத்து அக்கா, என்னினும் ஆறாண்டு மூத்தவர். மகன் பிறந்தபோது எனக்குப் பத்தியம் வடித்த கைகளில் அவருடையவையும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் தவறாது வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவரிடம், "அக்கா, நாளைக்குக் கேரியரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். என்னோடு இருபது நிமிடம் நடந்தால் போதும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "என் கைச் சமையல் உனக்கு வேண்டாததாகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் ஒரு வாரம் வரவில்லை. அந்த ஒரு வாரத்தின் வலி, தையல் பிரித்த நாளின் வலியைவிடப் பெரிது. இவ்வூரில் எனக்குத் தாய்வீடு என்று இருப்பது அவர் வீடு ஒன்றே.

எட்டாம் நாள் காலை வந்தார். கையில் பாத்திரம் இல்லை. காலில் காலணியைக் கழற்றாமலே வாயிலில் நின்றார். "வா, எங்கே நடக்க வேண்டுமோ அங்கே போவோம்" என்றார். குளிர் நீங்கிக் காற்றுத் தெளிந்திருந்தது. மாடிப்படிகளில் என் கையைப் பிடித்து இறக்கி, குடியிருப்புப் பூங்காவை ஒருமுறை சுற்றி அழைத்துச் சென்றார். கணவர் மறைந்தபின் தாம் அந்தப் பூங்காவுக்குள் கால் வைத்ததே இல்லை என்று நடக்கும்போது சொன்னார். அவர் துயரையும் என் சுமையையும் ஒரே நடையில் கரைத்தோம். சில நாள்களில் எதிர்வீட்டு அம்மையாரும், "பெஹன்ஜி, நானும் வருகிறேன்" என்று சேர்ந்துகொண்டார். அன்று பத்தியத்துக்கு முறைவைத்தவர்களைப் போலவே, இன்று நடைக்கு முறைவைத்தோம்.

எடை விரைந்து இறங்கிவிடவில்லை. மாதத்திற்கு அரைக் கிலோ. சில மாதங்களில் அதுவும் இல்லை. ஓராண்டு முடிவில் 68 கிலோவில் வந்து நின்றேன். எஞ்சிய இரண்டு கிலோ இன்றும் என்னோடுதான் இருக்கிறது. அதனோடு எனக்குப் பகையில்லை. தொடையின் வலிமை மீண்டதே பெரும்பேறு. 2023 கந்த சஷ்டியின்போது, இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் படிகளை இருமுறை மட்டும் நின்று ஏறினேன். 1984-இல் புதுமணப்பெண்ணாக ஓடி ஏறிய படிகள்! இம்முறை ஏறியதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

2024 பிப்ரவரி இறுதியில் இடது காலுக்கும் அறுவை நடந்தது. மூன்று மாதம் கழித்து எடை பார்த்தபோது ஒரு கிலோவே கூடியிருந்தது. காரணம் எளியது. இம்முறை என்னைப் பார்க்க வந்தவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார்கள். ஒருவர் வேகவைத்த கொண்டைக்கடலை கொணர்ந்தார். ஒருவர் வீட்டைப் பெருக்கித் தந்தார். ஒருவர் நான் பயிற்சி செய்யும்போது எண்ணிக்கை சொன்னார். அக்கா வழக்கம்போல் வாயிலில் காலணியோடு நின்றார்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், அளவறிந்து உண்பதைப் பற்றியே பெரிதும் பேசுகிறார். அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்று வகுக்கும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து துணைசெய்பவரையும் ஓர் உறுப்பாக வைக்கிறார். அயலூரில் வாழும் நமக்கு அந்த நான்காம் உறுப்பு நம் அண்டை வீட்டாரே. அடுத்தமுறை அறுவை முடிந்து வந்தவரைப் பார்க்கச் செல்லும்போது, அடுக்குப் பாத்திரத்தை எடுக்குமுன், அவருக்கு உண்ணத் துணை வேண்டுமா, நடக்கத் துணை வேண்டுமா என்று ஒரு சொல் கேளுங்கள். அவர் எடை கூடியிருப்பின் அதைப் பாராட்டவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா. எத்தனை அடி நடந்தார் என்று கேளுங்கள். உடம்பு தேறுதல் என்னும் நம் பழஞ்சொல்லுக்கு இக்காலத்தில் நாம் தரக்கூடிய பொருள் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.