ஒரே மரம், இரண்டு ருசி

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இப்போது நிற்பவை இரண்டு கோயில்கள்தான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கோடை வெயிலில் அதைச் சுற்றிப் பார்க்கிறவருக்கு ஒரு பட்டை பதநீர் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்! பனை தருவதும் இரண்டு பானம். தமிழ்நாட்டில் அதில் சட்டப்படி குடிக்கக் கிடைப்பது ஒன்றுதான்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். சில மணி நேரத்தில் நுரைத்த கள். அதே பனை, அதே மண். ஆனால் ஒன்று தொண்டையில் குளிர்ந்து இறங்கும் இனிப்பு, மற்றது நாக்கைச் சுள்ளென்று தொடும் புளிப்பு.

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆரம்பத்தில் அங்கே எல்லாமே நுரையில்லாத ஒயின். குளிரில் நின்றுபோன நொதித்தல் வெயில் வந்ததும் மறுபடி தொடங்கும்; பாட்டில் வெடிக்கும். தோம் பெரிஞ்ஞோன் என்ற துறவிதான் நுரையைக் கண்டுபிடித்தார் என்பார்கள். உண்மையில் 17ஆம் நூற்றாண்டில் அவர் நுரை வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார்! அந்தக் குறையே பிற்பாடு பெரிய வியாபாரம் ஆனது. இன்று பாட்டிலுக்குள் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, குறைந்தது 15 மாதம் வைத்திருந்துதான் விற்கிறார்கள்.

நுரையில்லாத ஒயினும் அங்கே இருக்கிறது. அதற்கு 1974 முதல் 'கோத்தோ ஷாம்பெனுவா' என்று தனிப்பெயர். ருசிப்பதில் சுவாரசியமே இங்கேதான். நுரை இருந்தால் பழத்தின் புளிப்பு அதோடு சேர்ந்து துள்ளலாகத் தெரியும். நுரையை எடுத்துவிட்டால் திராட்சை நன்றாகப் பழுத்ததா இல்லையா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

எந்த ஊர்த் திராட்சை, எந்த வருட அறுவடை என்று அங்கே பிரித்துப் பிரித்து விலை வைக்கிறார்கள். பனைக்கும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் ருசி மாறத்தான் செய்கிறது. அது பனையேறிக்குத் தெரியும். சந்தைக்குத் தெரியாது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடை உண்டு. இங்கே 2003 முதல் பிராந்தியையும் விஸ்கியையும் சில்லறைக் கடை வைத்து விற்பது அரசின் டாஸ்மாக்.

குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் தடை வேண்டும் என்பார்கள். அதையும் லேசில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வருமானம் இல்லை என்று அடுத்த தலைமுறை பனையேறுவதை விட்டுவிட்டால், கள்ளோடு சேர்ந்து பதநீரும்தான் போய்விடும். தடையை ஒரு அரசாணையில் நீக்கலாம். மரமேறும் காலை எந்த அரசாணை கொண்டுவரும்?