தூண்டிலின் மறுமுனை

பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு ரீலை எடுத்துக் கடைக்காரர் என் கையில் வைத்தார். கைப்பிடியைச் சுற்றினால் சத்தமே இல்லை. விலை 14,500 ரூபாய். அதே பெட்டியின் கீழ்த்தட்டில் 950 ரூபாய்க்கும் ஒரு ரீல் இருந்தது. "முத்துக்காட்டுல கொடுவா புடிக்கணும்னா மேல்தட்டுக்கு வாங்க சார். கீழ்த்தட்டெல்லாம் குளத்துக்குத்தான்" என்றார். பத்து முள் கொண்ட பாக்கெட் 40 ரூபாய், 100 மீட்டர் நைலான் நரம்பு 120 ரூபாய். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், ரீல் வாங்கவில்லை. இரண்டு தட்டுக்கும் இடையில் உள்ள 13,550 ரூபாய் தண்ணீரில் எங்கே தெரிகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, மார்கழிக் கடைசி. இருட்டோடு திருவான்மியூரில் பஸ் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துக்காட்டுப் பாலத்தருகே இறங்கினேன். சென்னையிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர். படகுத்துறை இன்னும் திறக்கவில்லை. காற்றில் சேறும் உப்பும் கலந்த வாசனை. பாலத்தின் நடுவில் நின்றால் கிழக்கே முகத்துவாரமும் அதற்கப்பால் நுரைக்கும் அலையும் தெரிகின்றன. மேற்கே உப்பங்கழி அகலமாக விரிந்து கிடக்கிறது. கோடையில் இந்த முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்துதான் அதை உடைக்கும். இப்போது நன்றாகத் திறந்திருந்தது. கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் வந்தபோது பாலத்தையொட்டிய கரையிலும் கற்களின் மேலும் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பையன்கள் மூவர் தண்ணீர் பாட்டிலில் சுற்றிய நரம்போடு உட்கார்ந்திருந்தார்கள். ஈயத்தைச் சுழற்றி வீசினால் 15 மீட்டர் போகிறது. பாலத்தூண் ஓரத்தில் கீச்சானும் ஜிலேபியும் அவர்களுக்கு விடாமல் கிடைத்தன. ராடு வைத்திருந்தவர்கள் 40, 50 மீட்டர் தள்ளி நடு ஓட்டத்தில் போட்டார்கள். கொடுவா சுற்றுவது அந்த ஓட்டத்தின் விளிம்பில். ராடும் ரீலும் தூரத்தை வாங்கித் தருகின்றன, அதில் சந்தேகமில்லை. 950 ரூபாய் ரீல் வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். வாங்கி ஒரு மழைக்காலம்தான் ஆகிறதாம்; கைப்பிடி ஆடுகிறது, திருகாணித் தலையில் துரு. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி.

கரையின் தென்கோடியில், வெள்ளை வாளி ஒன்றின் பக்கத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் நின்றிருந்தார். வாளிக்குள் மீன்தொட்டிக்குப் போடும் சின்ன பேட்டரி மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே உயிர் இறால். ஒரு கைப்பிடி 100 ரூபாய் என்றார். அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை, சிறு வயதிலிருந்தே தூண்டில் பழக்கம் என்று பேச்சில் தெரிந்தது. "பார்த்துக்கிட்டு இருக்கலாமாண்ணா?" என்று கேட்டேன். "பாரு தம்பி. நிழல் மட்டும் தண்ணில விழாம நில்லு" என்றார்.

அவருடைய ரீல் 2,800 ரூபாய்க்கு வாங்கியது, ஆறு வருடமாக ஓடுகிறது. பெட்டியில் 9 பேரிங், 11 பேரிங் என்று போடுவதை வைத்து வாங்கக்கூடாது என்பது அவர் கட்சி. "லேத்துல நிக்கிறவன் சொல்றேன். எண்ணிக்கை முக்கியம் இல்ல. உப்பு உள்ள போகுதா, போனா கழட்ட முடியுதா, அதைப் பாரு." நரம்பு ஓடும் சின்ன உருளையில் என் விரலை வைக்கச் சொன்னார். தொட்டதும் உருண்டது. பிறகு பக்கத்தில் நின்ற ஒரு இளைஞரின் ரீலை வாங்கி அதே இடத்தில் விரல் வைத்தேன். அந்த உருளை அசையவில்லை. ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் டிராக்கை, அதாவது நரம்பு எவ்வளவு இழுப்பில் ஓட வேண்டும் என்று வைக்கும் திருகை, இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும், குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும், காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்தது பஞ்சு. சட்டைப்பையிலிருந்து துளிப் பஞ்சு எடுத்து ராடின் வளையங்கள் வழியாக ஒவ்வொன்றாக இழுத்தார். அவருடைய ராடில் வழுக்கிக்கொண்டு வந்தது. இளைஞரின் ராடில் நுனி வளையத்தில் இழை மாட்டி நின்றது. வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறல். ஒவ்வொரு வீச்சிலும் நரம்பை அதுதான் அராவிக்கொண்டிருக்கிறது. "நுனி வளையம் மாத்த அம்பது ரூபா ஆகும். மாத்தாம இருந்தா மீன் போகும்" என்றார்.

ஏழு மணிக்குமேல் ஏற்றம் வேகம் பிடித்தது. சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வித்தியாசம். அந்த ஒரு மீட்டர் இந்தக் கழிக்குள் நுழையும்போது பாலத்தூண்களைச் சுற்றிச் சுழி விழுகிறது. பொடி மடவைகள் கூட்டமாகத் துள்ளின. இன்னொரு இளைஞரின் ராடு சட்டென்று வளைந்தது. கையில் இருந்தது நான் கடையில் பார்த்த மேல்தட்டு ரகம். ரீல் அருமையாகக் கத்திக்கொண்டு நரம்பை விட்டது. ஐந்தாறு விநாடி. பிறகு ராடு நிமிர்ந்துவிட்டது. மீன் போய்விட்டது.

"தூண்ல அறுத்துட்டுப் போயிடுச்சு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். லேத்துக்காரர் ஒன்றும் சொல்லாமல் போய் நரம்பின் நுனியைக் கையில் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். நுனி சுருள் சுருளாக இருந்தது. "சுருண்டிருந்தா முடிச்சு நழுவியிருக்கு. கத்தி வெச்சு வெட்டுன மாதிரி இருந்தா கொடுவா செவுள் அறுத்திருக்கு. சொரசொரன்னு இருந்தா தூண்ல உரசியிருக்கு. இது முடிச்சு." கொடுவாயின் செவுள் மூடி ஓரம் உண்மையிலேயே கூர்மையானது, அதற்காகத்தான் தடித்த லீடர் நரம்பை முன்னால் கட்டுகிறார்கள். இந்த மீனுக்கு அந்தச் செவுள் தேவைப்படவில்லை.

பையிலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசை எடுத்தார். 20 பவுண்டு நரம்பு, அதாவது 9 கிலோ தாங்க வேண்டியது. அதில் ஒரு முள்ளைக் கட்டி அப்படியே இறுக்கினார். தராசில் மாட்டி இழுக்கச் சொன்னார். தராசு 5 கிலோவைத் தாண்டியதும் முடிச்சிலேயே பட்டென்று அறுந்தது. அதே நரம்பு, அதே முடிச்சு. இந்த முறை இறுக்கும் முன் வாயில் வைத்து நனைத்தார், மெதுவாக இழுத்து உட்கார வைத்தார். இப்போது 7 கிலோவுக்கு மேல் தாங்கியது. காய்ந்த நரம்பு இறுகும்போது தன்மேல் தானே உரசிச் சூடாகிறது. நைலானுக்கு அந்தச் சூடு ஆகாது. ஏறத்தாழ இரண்டு கிலோ கூடுதல் பலம் எச்சிலில் கிடைத்ததை என் கையால் இழுத்துப் பார்த்தேன். டிராக்கையும் அதே தராசை வைத்துத்தான் வைக்கிறார். நரம்பின் பலத்தில் கால் பங்குக்குச் சற்று மேல், மூன்றில் ஒரு பங்குக்குள்.

முள்ளுக்கும் சோதனை உண்டு. கட்டை விரல் நகத்தின் மேல் நுனியை லேசாக வைத்து இழுக்க வேண்டும். வழுக்கினால் மழுங்கியது, நகத்தில் பிடித்து நின்றால் கூர். வழுக்கியதைச் சின்ன அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார், நின்றது. இறாலைத் தலைக்கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் கோத்தார். அந்தப் புள்ளியில் குத்தினால் இறால் செத்துவிடும். மற்ற இடத்தில் என்றால் தண்ணீரில் நெடுநேரம் உதைத்துக்கொண்டு நீந்தும். கொடுவாய்க்கு அந்த உதைப்புத்தான் வேண்டும்.

முதலில் வந்தது ஒரு சாண் நீளக் கொடுவாக்குஞ்சு. ஈரக்கையால் பிடித்து முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார். அரை மணி கழித்து இன்னொன்று, தராசில் 1 கிலோ 800 கிராம். வெள்ளியாக மின்னும் உடம்பு, சரிந்த நெற்றி. இது ஆணாகத்தான் இருக்கும். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரிய உருப்படிகள் பெரும்பாலும் லட்சக்கணக்கில் முட்டையிடும் பெட்டைகள். அதனால் குஞ்சையும் விடுகிறார், மிகப் பெரியதையும் விடுகிறார், நடுவில் உள்ளதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இந்தக் கழிக்கரையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. கொடுவாயைத் தொட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்ய வைப்பதில் அந்த நிறுவனம் 1997-ல் வெற்றி பெற்றது.

பிறகு டிபன் பாக்ஸ் திறந்தது. இட்லி, மிளகாய்ப்பொடி, பிளாஸ்கில் டீ, எனக்கும் ஊற்றினார். மற்ற விஷயங்களிலும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. கழற்றி மாட்டத் தெரியாத எந்தப் பொருளையும் வாங்கக்கூடாது, மிக்சியானாலும் சரி, வண்டியானாலும் சரி. நைட் ஷிப்ட் முடிந்த காலையில் தூண்டிலுக்கு வரக்கூடாது, தூக்கத்தில் முள் கையில்தான் ஏறும். கெளிறு பிடித்தால் கையால் தொடாமல் குறடு போட வேண்டும். அதன் முள் குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் கையை வைக்க வேண்டும். இன்னொரு பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர் அதற்காகவே வைத்திருந்தார். மீன் கழுவும் வேலையைப் பிடித்தவன்தான் செய்ய வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் தலையில் கட்டக்கூடாது. "காசு மிச்சம் பண்ண தூண்டில் போடுறேன்னு யாராவது சொன்னா நம்பாத தம்பி" என்றார். இறால் 100, பெட்ரோல் 200, நரம்பு, முள். பல ஞாயிறுகளில் வெறும் வாளியோடுதான் திரும்புகிறார்.

அவர் பையில் வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. வெட்டிய நரம்புத் துண்டுகள் எல்லாம் அதற்குள் போயின. காரணத்தைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. பாலத்தின் கம்பியில் யாரோ விட்டுப்போன நைலான் சிக்கல்கள் தொங்கின. எதிர்ச் சேற்றுத்திட்டில் ஒரு கொக்கு, விரல்களில் சுற்றிய நரம்போடு ஒற்றைக்காலை இழுத்து நடந்துகொண்டிருந்தது. நைலான் மக்காது. அதனால்தான் அது நல்ல நரம்பு, அதனால்தான் அதைப் போட்டுவிட்டு வரக்கூடாது.

பத்து மணிக்கு ஏற்றம் நின்று வற்று தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தேன். வடக்குப் பக்கமிருந்து கருத்த தண்ணீர் ஒரு பட்டையாக வந்து, நுரையோடு பாலத்தின் கீழே போனது. கூடவே சாக்கடை நாற்றம். பக்கிங்காம் கால்வாயின் தண்ணீர். 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக மக்களை வைத்து வெட்டி நீட்டப்பட்ட கால்வாய் இது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் உபரி நீரும் ஒக்கியம் மடுவு வழியாக இதில் சேர்ந்து இந்த முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது, வழியில் நகரம் விடும் கழிவையும் சுமந்துகொண்டு. துள்ளிக்கொண்டிருந்த மடவைகளைக் காணோம். பாட்டில் பையன்களுக்கும் கடி நின்றுவிட்டது. ஒவ்வொருவராக ராடை மடக்கினார்கள்.

"முள்ளைத் தீட்டலாம், முடிச்சை நனைக்கலாம். இதுக்கு எந்தக் கடையில போய் என்ன வாங்குறது?" என்று கேட்டபடி அவர் வாளியைக் கவிழ்த்து மிச்ச இறாலை விட்டார்.

கடைக்காரரிடம் கேட்டது வேறு, கரையில் பார்த்தது வேறு. இரண்டு ரீல்களுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அன்று அந்தக் கரையில் மீனைத் தவறவிட்டது நனைக்காத ஒரு முடிச்சு, மீனைத் தந்தது கூரான ஒரு முள்ளும் உயிரோடு உதைத்த ஓர் இறாலும். புதிதாகத் தொடங்குபவர்கள் நடுவாந்தர ரீல் ஒன்றை வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளட்டும். மிச்சப் பணத்தில் நல்ல முள், நல்ல லீடர், ஒரு தராசு, ஓர் அரம் வாங்கலாம். நம் பணம் கை பிடிக்கும் பக்கத்தில் செலவாகிறது. மீன் இருப்பது மறுமுனையில். அந்த மறுமுனையில் கடைசியாக இருப்பது தண்ணீர். 14,500 ரூபாய் ரீலைத் தோளில் மாட்டி வருகிறவர்களும், பாட்டிலில் நரம்பு சுற்றி வரும் பையன்களும் ஒரே தண்ணீரில்தான் போடுகிறார்கள். கால்வாயில் கழிவு விடுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் முதல் உரிமையும் முதல் கடமையும் அவர்களுக்குத்தான், ஏனென்றால் அது எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து, என்ன நிறத்தில் வருகிறது என்று வாராவாரம் நின்று பார்ப்பவர்கள் அவர்கள்.