பெருமுக்கல்: இரண்டு நகரங்களுக்கு நடுவே ஒரு குன்று

சென்னைக் கோட்டையில் சட்டமன்றம் கூடும் கட்டடத்தின் பழைய பகுதியில் கறுத்த கல்தூண்கள் சில உண்டு. பல்லாவரத்துக் கல்லில் செதுக்கியவை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது இந்தத் தூண்கள் அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கின்றன. பெயர்த்தெடுத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததும், கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் மறக்காமல் தூண்களைத் தேடி எடுத்துத் திரும்பவும் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பறிகொடுத்த பாத்திரபண்டத்தைப் பதினைந்து வருஷம் கழித்து மீட்ட குடும்பத்தைப் போல.

புதுச்சேரிக்கும் இதே மாதிரி ஒரு தூண் கதை இருக்கிறது. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்களைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. அவை புதுச்சேரிக் கல் அல்ல, செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானதற்குப் பிறகு அங்கிருந்து பெயர்த்து வரப்பட்டவை.

நகரங்கள் தங்கள் சரித்திரத்தைச் சொல்லும்போது இந்தத் தூண் கதைகளை ருசியாகச் சொல்லும். தூண்கள் கைமாறுவதற்கு முன்னால் வழியில் எந்தெந்த ஊர் அடிவாங்கியது என்பதைச் சொல்லாது. அப்படி அடிவாங்கிய ஊர்களில் ஒன்று பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. ஏரியும் வயலுமாக விரிந்த சமவெளியில் தனியாக எழுந்த ஒரு பாறைக் குன்று, அடிவாரத்தில் ஊர், உச்சியில் சிதைந்த கோட்டைச் சுவரும் ஒரு சிவன் கோயிலும். குன்றின் உயரம் நானூறு அடிக்குள்தான். செஞ்சியின் ராஜகிரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஒரு மலையாகவே தோன்றாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் இதற்குப் போட்டியாக வேறொரு மேடு இல்லை என்பதுதான் இதன் பலமும் சாபமும்.

ஊரின் வயது கோட்டையின் வயது அல்ல. மலையில் ஒரு குகை இருக்கிறது. சீதை லவனையும் குசனையும் பெற்றெடுத்தது இங்கேதான், வால்மீகி ஆசிரமம் இந்த மலையில்தான் இருந்தது என்று ஊரார் சொல்வார்கள். சஞ்சீவி மலைக்கதையையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குகைப் பாறையில் செதுக்கப்பட்டிருக்கும் கீறல் உருவங்கள்தான் தொல்லியல் ஆர்வலர்களை இங்கே இழுத்துவருகின்றன. இதே மாவட்டத்தில் கீழ்வாலையில் இருப்பவை செங்காவி நிறத்தில் தீட்டிய ஓவியங்கள். தமிழ்நாட்டுப் பாறைக் கலையில் பெரும்பகுதி அப்படித் தீட்டியதுதான். பாறையைக் கொத்திக் குடைந்து உருவம் செய்வது அபூர்வம். பெருமுக்கல்லில் இருப்பது அந்த அபூர்வம். கோடுகள், குறிகள், மனித உருவம் போன்ற வடிவங்கள். வரலாறு எழுதப்படுவதற்கு முந்திய மனிதர்களின் கைவேலை என்பது ஆய்வாளர்கள் கருத்து. சீதைக்கும் கற்கால மனிதனுக்கும் ஒரே குகை. ஊருக்கு இதில் எந்த முரண்பாடும் தெரிவதில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சங்க காலத்தில் இந்தப் பகுதிக்கு ஓய்மாநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட நாடு. அந்தப் பாட்டில் பாணன் போகும் வழி எயிற்பட்டினத்தில் தொடங்கி வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கில் வரைக்கும் போகிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தோடு ஒட்டிய இடம் என்றும் பலரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அதாவது மரக்காணத்து உப்பையும் மீனையும் உள்நாட்டுக்குக் கொண்டுவந்த பாதையும் பாணனின் பாதையும் பெருமுக்கல் மலை கண்ணில் படும் தூரத்திலேயே போயிருக்கின்றன. இன்றைக்கும் மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன, சாலையும் அதே திசையில்தான் ஓடுகிறது. மலை உச்சியில் இருக்கும் முக்தியாலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. இவ்வளவு தூரம் கல் ஏற்றி, கோயில் கட்டி, சுவர் நிறைய எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் சோழர் காலத்தில் இது யாரும் ஒதுக்கிய மூலையாக இருந்திருக்க முடியாது.

பிறகு வந்தது நகரங்களின் சண்டை.

1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரைப் பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆங்கிலப் படைக்கு அயர் கூட் தலைவர், பிரெஞ்சுப் படைக்கு லல்லி. லல்லி தோற்றார். பாடப் புத்தகம் அதோடு சரி. அடுத்த பக்கத்தில் புதுச்சேரி விழுந்துவிடும். நடுவில் ஒரு வருஷம் இருக்கிறதே, அந்த வருஷம் முழுக்கக் கூட் என்ன செய்துகொண்டிருந்தார்? புதுச்சேரியைச் சுற்றியிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆற்காடு போயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் பெருமுக்கல்லுக்கு வந்தார். அதன் பிறகு கடலோரத்தில் ஆலம்பரை. 1750-இல் பிரெஞ்சுக்காரருக்கு இனாமாகக் கிடைத்த, நாணயம் அடித்த ஊர் அது. ஏப்ரலில் காரைக்கால். சுற்றுச்சுவரை இடித்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிற உத்தி.

பெருமுக்கல் சுலபத்தில் விழவில்லை. மலைக்கோட்டைகளில் சண்டை இரண்டு கட்டமாக நடக்கும். அடிவாரத்துப் பேட்டையைப் பிடிப்பது முதல் கட்டம். அது மண்சுவரும் வீடுகளுமாக இருக்கும், பெரும்பாலும் ஒரே இரவில் போய்விடும். வீடு எரிவதும் தானியம் பறிபோவதும் அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான். இரண்டாவது கட்டம் பாறையின் மேல். பீரங்கியை மேலே ஏற்ற முடியாது, கீழேயிருந்து சுட்டால் குண்டு பாறையில் பட்டுத் தெறிக்கும். மேலே இருப்பவனிடம் தண்ணீரும் வெடிமருந்தும் தீரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது ஏணி வைத்து உயிரைப் பணயம் வைக்க வேண்டும். கூட் காத்திருக்கிற ஆள் இல்லை. இந்தத் தாக்குதலில் அவர் முழங்காலில் குண்டு பட்டது. வந்தவாசியில் ஜெயித்துவிட்டு வந்தவர் இந்தச் சின்னக் குன்றில் அடிபட்டார். ஆனாலும் மேலே இருந்தவர்கள் நெடுநாள் தாங்கவில்லை, சரணடைந்தார்கள்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு வேடிக்கை உண்டு. கூட் அயர்லாந்தில் பிறந்தவர். லல்லியின் தகப்பனார் அயர்லாந்துக்காரர், ஆங்கிலேய ஆட்சி பிடிக்காமல் பிரான்சுக்குக் குடிபெயர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். லல்லி இந்தியாவுக்குக் கூட்டிவந்த படைப்பிரிவே பிரான்சுக்காக ஊழியம் செய்த அயர்லாந்துப் படைப்பிரிவுதான். அயர்லாந்தில் தீராத பகையை இவர்கள் வந்து வந்தவாசிப் புழுதியிலும் பெருமுக்கல் பாறையிலும் தீர்த்துக்கொண்டார்கள். பேட்டையில் குடிசை எரிந்த உழவனுக்கு இதில் எந்த வழக்கும் இல்லை.

1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அந்த நகரத்தின் அன்றாடத்தை இருபத்தைந்து வருஷமாக நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால் கண்ணை மூடினார். அவரும் பிறப்பால் சென்னைக்காரர், பெரம்பூரில் பிறந்தவர். லல்லியைப் பிரான்சுக்குக் கூட்டிப்போய்த் துரோகி என்று தீர்ப்பெழுதி 1766-இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். வால்டேர் அவருக்காகப் பேனா பிடித்தார். பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தானது. தலை திரும்பவில்லை, தூண்கள்தான் திரும்பின.

இருபது வருஷம் கழித்து அதே கூட் மறுபடி பெருமுக்கல்லுக்கு வந்தார். இந்தத் தடவை பிடிக்க அல்ல, காப்பாற்ற. 1780-இல் மைசூரின் ஹைதர் அலி, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமைக்குள் புயலாக இறங்கி, வந்தவாசி, வேலூர், பெருமுக்கல் என்று கும்பினி வைத்திருந்த கோட்டைகளை வளைத்துக்கொண்டார். 1781 ஜனவரியில் கூட் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கருங்குழியைப் பிடித்து, வந்தவாசி முற்றுகையை விலக்கினார். அவர் வருகிறார் என்ற செய்தியே பெருமுக்கல்லையும் விடுவித்தது. வயது ஐம்பத்து நாலு, உடம்பு சரியில்லாத கிழவர். ஒரு காலத்தில் தான் சுடப்பட்ட குன்றையே இப்போது காப்பாற்றினார்.

அந்த நிம்மதி ஒரு வருஷம்தான் நீடித்தது. 1782 மார்ச்சில் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கிற்று, ஏப்ரலில் கடலூரைப் பிடித்தது, ஹைதரோடு சேர்ந்துகொண்டு மே மாதம் பெருமுக்கல்லைப் பறித்தது. கூட் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பிரெஞ்சுப் படையும் ஹைதர் படையும் கிளியனூர்ப் பக்கத்து மேட்டில் வசதியாக உட்கார்ந்துகொண்டன. அங்கே மோதுவது மடத்தனம் என்று கூட் ஆரணிக்குத் திரும்பினார். ஜூன் 2-ஆம் தேதி ஆரணியில் சண்டை. அந்த வருஷக் கடைசியில் ஹைதர் முதுகுப் பிளவையால் இறந்தார், அடுத்த ஏப்ரலில் கூட் சென்னையில் இறந்தார்.

இந்த அமளிக்கு நடுவே ஒரு மனிதர் கல்லாய்ப் போன மரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சோனெரா, பெருமுக்கல்லுக்குத் தெற்கே மயிலம் தாண்டியிருக்கும் திருவக்கரையின் கல்மரங்களைப் பற்றித் தன் பயண நூலில் குறிப்பிட்டார். அந்த நூல் பாரிஸில் வெளிவந்த வருஷம் அதே 1782. இன்று திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. அந்த மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் ஹைதரும் கூட்டும் நேற்று வந்தவர்கள்.

கடைசிக் கதை ஹைதரின் மகன் திப்புவுடையது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது, ஏனென்றால் இதில் நாலு நகரங்கள் மாட்டிக்கொள்கின்றன. 1790 முடியும் சமயம் திப்பு கர்நாடகத்துக்குள் வந்தார். தியாகதுருக்கத்தில் அவர் பாச்சா பலிக்கவில்லை. அங்கே இருந்தவர் கேப்டன் பிளின்ட், பத்து வருஷம் முன்பு வந்தவாசியில் ஹைதரையே தடுத்து நிறுத்தியவர். திப்பு திருவண்ணாமலையைப் பிடித்தார், பிறகு பெருமுக்கல் அவர் கைக்கு வந்தது. அங்கிருந்து புதுச்சேரி எட்டிவிடும் தூரம். அங்கே போய்ப் பிரெஞ்சுக்காரரோடு பேச்சு நடத்தி, தூதர் ஒருவர் மூலம் பதினாறாம் லூயிக்குச் செய்தி அனுப்பினார்: 6000 சிப்பாய்களை அனுப்புங்கள், செலவு முழுக்க என்னுடையது. பாரிஸில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. ராஜாவே அரண்மனையில் கைதி மாதிரி இருந்தார். இளம் வயதில் அமெரிக்கப் போரில் தலையிட்டுப் பட்டது போதும் என்று மறுத்துவிட்டதாக அவருடைய மந்திரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். திப்பு பதிலுக்காக இங்கே நாளைக் கடத்திக்கொண்டிருக்கையில், கும்பினியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வேலூரிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறிவிட்டார். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. பெங்களூர்க் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கப் போகிறவர்களிடம் யாரும் பெருமுக்கல் என்ற பெயரைச் சொல்வதில்லை.

சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் ஏடுகளில் இந்த ஊரைப் 'பெர்மகோயில்' என்று எழுதிவைத்துவிட்டார்கள். பழைய போர் நூல்களில் பெருமுக்கல் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

இன்றைய பெருமுக்கல்லின் சண்டை வேறு மாதிரி. சுற்றிலும் கல்குவாரிகளும் கிரஷர்களும் வந்துவிட்டன. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் திண்டிவனம் போய் நெடுஞ்சாலை பிடிக்கின்றன. சென்னையும் புதுச்சேரியும் மேலே மேலே கட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கல் வேண்டும். குவாரியில் வேலை செய்து பிழைக்கிறவர்கள் இதே சுற்றுவட்டாரத்து மக்கள், ஆகவே எல்லாவற்றையும் மூடு என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது நியாயம் இல்லை. ஆனால் குன்றுக்குப் பக்கத்தில் வெடி வைத்தால் அதிர்வு உச்சிக் கோயிலின் சுவருக்கும் குகைக்கும் போய்ச் சேரும் என்பதைச் சொல்லப் பொறியாளர் தேவையில்லை. தொல்லியல் ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் இதைப் பலமுறை சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்பது, மலையைச் சுற்றிக் கண்டிப்பான ஒரு எல்லை. அதற்குள் எந்த வெடியும் கூடாது என்ற நிபந்தனை. இது பெரிய கோரிக்கையே இல்லை. தூண்களுக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கட்டிய தேசத்தில், ஒரு முழுக் குன்றுக்கு அந்த அளவு மரியாதை கூடவா கிடைக்காது?

பார்க்க விரும்புகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கி மரக்காணம் சாலையில் போகும் பேருந்தைப் பிடிக்கலாம். வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள், பாறை சீக்கிரம் சூடேறும். தண்ணீர் கையில் இருக்கட்டும், பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். குகையில் இருக்கும் செதுக்கல்கள் படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்று அவற்றின்மேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுக்காதீர்கள். உங்கள் பெயரையும் பக்கத்தில் எழுதிவிட்டு வராதீர்கள்.